அப்பீல் அண்ணாச்சியும் அப்பளப் பெட்டியும்

உலகத்தில் எந்தத் தீர்ப்பையும் ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் யாரென்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் கொச்சி மட்டாஞ்சேரி அப்பீல் அண்ணாச்சி என்று சொல்வேன். வானிலை அறிக்கையில் மழை என்றால் "பாக்கலாம்" என்பார். டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்றால் "அது அவரு அபிப்பிராயம்" என்று சொல்லிவிட்டு, சாயாவில் இன்னொரு ஸ்பூன் போடச் சொல்வார். கோர்ட்டு வாசலை மிதித்தவரில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேல்முறையீடு உண்டு என்பது அவர் கட்சி. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, கண்டுபிடித்தால் ஒரு மாலை போடலாம்.

தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். தென்காசிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே வந்துவிட்டவர். சுக்குக் கிடங்கு ஒன்றின் பின்புறம் வீடு, வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளேயிருந்து சுக்கு வாசனைதான் வரும். நான் அப்போது பக்கத்துச் சந்தில் ஒரு மிளகுத் தரகு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் அவரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பொழுதுபோக்கு.

ஒரே ஒரு கம்பெனிமேல் அவருக்கு அப்படியொரு பக்தி. பெயர் எதற்கு, இன்று அதன் போனை வாங்க ஜனங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் போன் வேண்டாம். அதே கம்பெனி ஒரு காலத்தில் ஆரவாரமாக வெளியிட்டு, வாங்க ஆளில்லாமல் சத்தம் போடாமல் நிறுத்திய சரக்குகள்தான் வேண்டும். ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் பெட்டி, எது தலை எது வால் என்று தெரியாத உருண்டை மவுஸ், நாம் ஒன்று எழுதினால் அது வேறொன்றாகப் படிக்கும் கைப்பலகை. பழைய சாமான் கடைகளிலிருந்து இவற்றையெல்லாம் அள்ளிவந்து, முன்னறைச் சுவர் முழுக்க அலமாரி போட்டு, தினமும் துடைத்து வைப்பார்.

"இதெல்லாம் தோத்துப்போன சரக்குதானே அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"ஏம்ல, மிளகு விலை எறங்குனா மிளகு தோத்துப்போச்சுன்னு சொல்லுவியா? கிடங்குல போட்டு வெச்சுக் காத்திருக்கான்லா உன் மொதலாளி? சரக்குக்குத் தோல்வியே கிடையாது கேட்டியா. இன்னைக்கு ஊரே போன் கண்ணாடியத் தடவிக்கிட்டுத் திரியுதே, அதுக்குப் பிள்ளையார்சுழி போட்டது இந்தப் பலகை. கொஞ்சம் முந்திப் பொறந்துட்டுது, அவ்வளவுதான்."

மிளகில் சம்பளம் வாங்குபவன் மிளகுக்கு எதிராகப் பேச முடியுமா?

பதில் சொல்ல அவர் மனைவி பொன்னம்மா அக்கா இருந்தார். அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். பள்ளுருத்தியிலும் சுள்ளிக்கல்லிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் அவருடைய வாடிக்கை. அடுக்களை கிரைண்டர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்கவேண்டும். வைக்க இடம்? அலமாரி நிற்கும் அந்த ஒரு சுவர்தான்.

"உசுரோட இருக்க எனக்கு இடமில்ல, செத்த பொட்டியளுக்கு அலமாரி! கேட்டா அப்பீலாம்!" என்பார் அக்கா.

எங்கள் தெருத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவில் வழக்கமாக மாமியாரா மருமகளா என்றுதான் பட்டிமன்றம் நடக்கும். அந்த வருஷம், இந்த வழக்கை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாமென்று முடிவானது. கம்பெனியின் பழைய சரக்குகள் தோல்வியா, இல்லையா? தோல்வி என்று தீர்ப்பானால் அலமாரி போய் கிரைண்டர் வரும். இல்லையென்றால் அக்கா அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இருவரும் சம்மதித்தார்கள். ஊர் வம்பில் ஆசையுள்ளவன் என்பதால் நான் நடுவர்.

அண்ணாச்சி ஒற்றை ஆளாக ஓரணி. கையில் உருண்டை மவுஸை வைத்துக்கொண்டு மிளகு உதாரணத்தை எடுத்துவிட்டார். கிடங்குக்காரர்கள் விசிலடித்தார்கள்.

எதிரணியில் முதலில் அக்கா எழுந்தார். "ஃபேனில்லாத பொட்டின்னு ஒண்ணு வெச்சிருக்காக. சுவிச்சைப் போட்டுத் தொட்டா தோசைக்கல்லு. மழைக்காலத்துல அது மேல நான் அப்பளம் காய வெக்கேன். அப்பளம் காயுத சாமானுக்குப் பேரு கம்ப்யூட்டரா?"

பந்தல் குலுங்கியது. அண்ணாச்சி அணி அங்கேயே படுத்துவிட்டது. கிரைண்டருக்குக் குங்குமம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எதிரணியில் இன்னொருவர் இருந்தார். காக்கநாட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பாலக்காட்டுத் தம்பி. தமிழ்ப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு வந்திருந்தார். கைதட்டலைக் கேட்டதும் காகிதத்தை மடித்துவிட்டுச் சொந்தமாகப் பேசத் தொடங்கினார். வினை அங்கேதான்.

"நடுவர் சாரே, பொட்டிய விடுங்கோ. இத்தன வருஷமா ரிப்பேர்க் கடை வச்சிண்டிருக்கார். ஆனா சேச்சி மாவரைச்சாதான் அந்தாத்துல அடுப்பு எரியறது. பொட்டி மாத்ரமில்ல, வச்சிண்டிருக்கற ஆளும் ஒரு ஃபெயிலியர்தானே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டருக்கே மறுப்புச் சொன்ன அண்ணாச்சி, தலையைக் குனிந்து கையிலிருந்த மவுஸைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

அக்கா மைக்கைப் பிடுங்கினார். "நடுவரே, நான் கச்சி மாறுதேன்."

"அக்கா, பட்டிமன்றத்துல அணி மாறக்கூடாது."

"எம்.எல்.ஏ. மாறுதான், நான் மாறப்படாதா?" என்றவர் தம்பி பக்கம் திரும்பினார். "போன ஜூன்ல, எடவப்பாதி மழையில உங்க வீட்டு அப்பளம் எப்படி இருந்துச்சு?"

"அது... நமுத்துப்போயிடுத்து."

"எங்க வீட்டுல மொறுமொறுன்னு இருந்துச்சு. அந்தப் பொட்டியவா தோத்துட்டுதுன்னு சொல்லுத? இவுக தோத்த ஆளுன்னு நான் சொல்லலாம். தெனமும் சொல்லத்தான் செய்யுதேன். கூடவே குப்பை கொட்டுனவ சொல்லுவா. நேத்து வந்த நீ சொல்லப்படாது!"

தம்பி பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எதிர்க்க ஆளே இல்லாமல் போனதால், பழைய சரக்குகள் தோல்வியே அல்ல என்று தீர்ப்புச் சொன்னேன். கைதட்டல் அடங்கியபிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

"அய்யோ, என் கிரைண்டர்!"

மறுவாரம் மாவு வாங்கப் போனேன். முன்னறையில் அலமாரியைக் காணோம். அந்த இடத்தில் பெரிய கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஃபேனில்லாத பெட்டி மட்டும், தலையில் ஒரு தட்டு அப்பளத்துடன். அண்ணாச்சி கிரைண்டருக்குள் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சது நீங்கதானே அண்ணாச்சி?"

"அந்தத் தீர்ப்ப எதுத்து அப்பீல் போயிட்டேன்."

"யாரு விசாரிச்சா?"

"நாந்தான். தீர்ப்பு செல்லாதுன்னு தள்ளிட்டேன்."

"அப்ப அந்தச் சரக்கெல்லாம் தோல்வியா?"

"யாருல சொன்னா? கிடங்குக்குப் போயிருக்கு. கட்டிலுக்கு அடியில. காலம் வரும்."

உள்ளேயிருந்து அக்கா, "வரும் வரும், அரிசியப் பாத்துத் தள்ளுங்க" என்றார். இருவர் முகத்திலும் அப்படியொரு நிறைவு.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு அப்பளமும் நமுத்துப்போகிறது. எந்தப் பழைய சாமான் கடையைக் கண்டாலும் உள்ளே நுழைந்து, ஃபேனில்லாத பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறேன். அப்பளத்துக்காக என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.