சோற்றுப் பொட்டலமும் குற்ற ரத்தமும்

மஸ்ஜித் தானா, மலாயா,
11-10-1953

மரியாதைக்குரிய தாய்மாமன், தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி வீராசாமி அவர்களுக்கு, அக்காள் மகன் வடிவேலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம், நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்கும் உங்கள் மகள் சுசீலாவுக்கும் தை மாதம் பேசியிருந்த கல்யாணத்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். என் அப்பா ஜெயிலுக்குப் போனவராம், குற்றப் புத்தி ரத்தத்தில் இறங்குமாம், பேரப்பிள்ளைகள் வரைக்கும் வருமாம், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அம்புரோஸ் ஒரு பத்திரிகையில் படித்தாராம். மாமா, நான் ரப்பர் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். அந்தப் பத்திரிகையை நானும் வாங்கிப் படித்தேன். திருடனின் மூளையில் ஏதோ ஒரு சத்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சந்தேகப்படுகிறார், அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு, போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்த என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தையல்காரர் டேப்பால் அம்புரோஸ் என் மண்டையை அளந்தார். "காது கொஞ்சம் தள்ளி நிக்குதுலா, கிராணி ஐயா" என்றார். "அப்ப திருட்டுக் காதேதான்" என்றீர்கள் நீங்கள். போதாததற்கு அம்புரோஸ் என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "பின்னாடி போயி நெறப்பிட்டு வா தம்பி, மூளை உப்பு அதுல தெரியும்" என்றார். கூட வந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நிரப்பிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், "சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது, அவருடைய படிப்பின் மேல்.

அப்பா செய்த குற்றம் என்ன? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து வாசலைத் தாண்டிச் சோறு கொண்டுபோகத் தடை போட்டிருந்த காலத்தில், மத்தியானப் பசிக்கு ஒரு பொட்டலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போனார். போலீஸ்காரன் தடவிப் பார்த்துவிட்டான். ஆறு வாரம் உள்ளே. போன மாதம் நம் பக்கத்தை வெள்ளைப் பகுதி, அதாவது கம்யூனிஸ்ட் பயம் நீங்கிய இடம், என்று அறிவித்துத் தடையை எடுத்தார்கள். இன்றைக்கு அதே வாசலில் அண்டாவோடு சோறு தூக்கிக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படியானால் செப்டம்பரில் தடை நீங்கிய அன்று பொழுது விடிந்ததும் அப்பாவின் மூளை தானாகக் குணமாகிவிட்டதா? அம்புரோஸிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

வித்து, வம்சம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல ஒட்டுமரம் நல்ல பால் கொடுக்கும், தெரியும். ஆனால் அந்தப் பால் ஆலைக்கு வரும் வழியிலேயே திரிந்துபோனால், மரத்துக்கு அப்பன் யார் என்று நான் கேட்பதில்லை. வாளியைக் கழுவினாயா என்றுதான் கேட்கிறேன். ரத்தம் ரத்தம் என்கிறீர்களே, என் உடம்பில் பாதி உங்கள் கூடப்பிறந்த அக்காவின் ரத்தம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டட்டும்? குற்றம் யாருக்கும் பிறப்பில் வருவதில்லை. இதை எந்தச் சபையிலும் வந்து சொல்வேன். நானும் சுசீலாவும் கட்டிக்கொள்ளப் போகிறோம். இது சம்மதம் கேட்டு எழுதியது அல்ல, தகவலுக்கு.

அத்தைக்கு என் வணக்கம். பாட்டிலை அம்புரோஸே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஆசியை, நீங்கள் கொடுக்காவிட்டாலும், நானே எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ம. வடிவேலு

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டது. இதை அலோர் காஜாவில், பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்று எழுதுகிறேன். சுசீலா காலை பஸ்ஸில் வந்துவிட்டாள், கல்யாண நோட்டீஸ் கொடுத்தாயிற்று. ரோட்டுச் சோதனையைத் தாண்டக்கூடாது என்று அவளுடைய அடையாளக் கார்டை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தீர்களாமே. நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு கொண்டை ஊசியால் திறந்து, கார்டை எடுத்து, திரும்பப் பூட்டியும் வைத்துவிட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்லலா. ஊசிய வச்சேன், கை தானா திரும்பிச்சு" என்றாள். கூட வந்திருக்கும் அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அப்படியே எந்தம்பி கைடி! எங்கப்பா பொட்டிய அவனும் இப்படித்தான் தொறப்பான்!"

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அம்புரோஸ் சொன்னதே சரி, ரத்தத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது என் அப்பா பக்கம் இல்லை.