ஹைட்ரேஞ்சியா விசாரணை: இறுதி அறிக்கை

மனித குலம் இதுவரை செய்த உருப்படியான காரியங்கள் மூன்று. ஒன்று, நெருப்பு. இரண்டு, சக்கரம். மூன்று, எங்கள் திஸில்பெக் ஊர்த் தோட்டக் கழகத்தின் இலை நலத் துணைக்குழு. முதலிரண்டைப் பற்றி ஊர் உலகம் எழுதித் தீர்த்துவிட்டது. மூன்றாவதைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. நான்தான் அதன் செயலாளர்.

குழுவில் மூவர். தலைவர் டெஸ்மண்ட் ஆக்ராய்ட், கடைத் தராசுகளைச் சோதிக்கும் அரசு உத்தியோகத்தில் நாற்பது வருடம் இருந்தவர். மனைவி பரிமாறும் உருளைக்கிழங்கைக்கூட ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பெரில் டிரான்டர், மருந்துக்கடை வைத்திருந்தவர். எல்லாரையும் 'கண்ணு' என்பார், எல்லா நோயையும் பூஞ்சை என்பார். மூன்றாவது ஆள் நார்மன், அதாவது நான். எனக்குச் செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே என்னிடம் பாரபட்சம் கிடையாது.

ஜூன் மாதம் கென் பேக்‌ஷா தன் வீட்டு ஹைட்ரேஞ்சியா பூச்செடியின் ஒற்றை இலையை உறையில் போட்டு எடுத்து வந்தார். கென் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இலையில் மிளகு அளவில் இரண்டு ஓட்டை.

"என் வீட்டுக்காரி ஈனிட் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரில இருக்கா. இது அவ வச்ச செடி," என்றார். "போன் பண்ணா நான் சாப்பிட்டேனான்னு கேக்கறதில்ல, செடி எப்படி இருக்குன்னுதான் கேக்கறா. அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை வீட்டுக்கு வர்றா. அதுக்குள்ள செடிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவ காலி பண்ற கட்டில்ல நான் போய்ப் படுத்துக்க வேண்டியதுதான்."

வேறு குழுவாக இருந்தால் "நத்தை கடிச்சிருக்கும், போங்க" என்று முடித்திருக்கும். நாங்கள் 'நேரடி ஆய்வு' அறிவித்தோம்.

கென் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் அந்தச் செடி ஆளுயரத்துக்கு நின்றது. அதற்கு முன்னால் நாலு நாற்காலி போட்டிருந்தார். உட்கார்ந்ததும் தேநீர் வந்தது.

அந்தத் தேநீரைப் பற்றி இங்கே பதிவு செய்வது என் கடமை. தேயிலைப் பையைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நாலு கரண்டி சர்க்கரை போட்டு, பாலைக் கடைசியில் ஒரு சாபம் போல ஊற்றியிருந்தார். கழுநீர்கூடப் பக்கத்தில் நிற்க வெட்கப்படும். ஒரு மிடறு குடித்தோம்.

"அருமை!" என்றார் ஆக்ராய்ட்.

"மனசுக்கு இதமா இருக்கு கண்ணு," என்றார் பெரில்.

நான், "இப்படி ஒரு டீய நான் குடிச்சதே இல்ல," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

கொடுத்த தேநீரை வேண்டாம் என்று சொல்லும் காட்டுமிராண்டித்தனம் எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே பெரில், "அதோ பாருங்க, குருவி!" என்றார். எல்லாரும் அண்ணாந்த நேரத்தில் அவர் கோப்பை காலியானது. அடுத்து ஆக்ராய்ட் ஒரு மேகத்தைக் காட்டினார். நான் ஒரு பூனையைக் காட்டினேன். கென்கூட உற்சாகமாக ஏதோ விமானத்தைக் காட்டினார். செடி எல்லாவற்றையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

"பாருங்க, ஒரு சொட்டு விடல!" என்று கென் மகிழ்ந்து, மறுபடி கொண்டுவந்தார்.

மறுவாரம் இலைகள் பழுப்படித்தன. நோய் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நாங்கள் அங்கே போயிருந்தோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த முன்யோசனை எந்தக் குழுவுக்கு இருக்கிறது?

அதன் பிறகு வாரம் இருமுறை ஆய்வு. ஒவ்வொரு ஆய்வுக்குப் பின்னும் செடி மோசமானது. ஆகவே ஆய்வுகளைக் கூட்டினோம். ஆக்ராய்ட் பழுப்புத் திட்டுகளை அளந்தார். பெரில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பூஞ்சை என்றார். "ஜூலை மாசத்துல உறைபனியா இருக்குமோ?" என்று ஆக்ராய்ட் கேட்டதையும் குறித்துக்கொண்டேன். திட்டுகள் சரியாக நாற்காலிகளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் மட்டும் இருந்தன. இதை நோயின் 'விசித்திர குணம்' என்று பதிந்தோம். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறியது. உண்மையை நாடி வந்தவை அவை மட்டும்தான். அவற்றையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தோம்.

கடைசி வெள்ளிக்கிழமை தீர்மானம் நிறைவேறியது: நோய் தொற்றக்கூடியது, செடியை வெட்டி எரிக்க வேண்டும், ஒருமனதாக.

"நாளைக்குக் காலைல அவ வர்றாளே," என்றார் கென். "வாசல்ல நின்னு முதல்ல இதைத்தான் தேடுவா. இன்னொரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

"ஊர் நன்மைன்னு ஒண்ணு இருக்கு, கென்," என்றார் ஆக்ராய்ட்.

ஒரே ஒரு வாக்கியம் போதும், செடி பிழைக்கும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அது மரியாதையான வாக்கியம் அல்ல.

சனிக்கிழமை காலை ரம்பத்தோடு போனோம். ஈனிட்டின் டாக்சி பதினோரு மணிக்கு. கென் கண்கலங்கத் தட்டோடு வந்தார். "கடைசியா ஆளுக்கொரு கப்."

அன்று குருவியைக் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை. துக்கத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். குனிந்தபடியே அவரவர் கை நீண்டது. இலைகளுக்கு மேலே 'டங்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், நாலு கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கவிழ்ந்து நிற்கின்றன. நான்காவது கை கென்னுடையது.

"சாரி," என்றோம் நாலு பேரும்.

நாலு கோப்பைத் தேநீரும் இலைகள் வழியே சொட்டியது.

"உங்க டீயையுமா?" என்றார் பெரில்.

"எனக்கு டீயே பிடிக்காதுங்க. ஈனிட்தான் போடுவா, அவளும் எனக்குக் குடுக்க மாட்டா. நான் இதுக்கு முன்னாடி போட்டதே இல்ல."

"அப்புறம் எதுக்குய்யா பதினோரு தடவை போட்டீங்க?" என்று ஆக்ராய்ட் அலறினார்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்காம எப்படிங்க? நீங்க வேணாம்னு சொல்லியிருக்கலாமே!"

"குடுத்ததை வேணாம்னு எப்படிய்யா சொல்றது?"

இரு தரப்பும் நியாயமாகவே இருந்தது. ரம்பத்தைக் கீழே வைத்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இலைகளைக் கழுவினோம். ஆக்ராய்ட் கால்சட்டையை மடித்துக்கொண்டு மண்டியிட்டுச் சர்க்கரை மண்ணைச் சுரண்டினார். இந்த இரண்டு மாதத்தில் எங்கள் குழு செய்த முதல் வேலை அது; சந்தோஷமாகவே இருந்தது.

ஈனிட் ஊன்றுகோலோடு இறங்கினார். எங்கள் கை எட்டாத, வாசலைப் பார்த்த பின்பக்கத்தில் ஆறு நீலக் கொத்துகள் பூத்திருந்தன. அவற்றைப் பார்த்துக் குழந்தை போலச் சிரித்தார். பிறகு முன்பக்கம் வந்து, "இதுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

கென் எங்களைப் பார்த்தார். நாங்கள் மேகத்தைப் பார்த்தோம்.

"பூஞ்சை, கண்ணு," என்றார் பெரில்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மாவட்டக் கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் 'இதுவரை அறியப்படாத பூஞ்சை' என்றே எழுதினேன். பூஞ்சைக்கு மனம் புண்படாது. மாவட்டம் எங்களைப் பாராட்டிக் கேடயம் தந்தது.

அறிக்கையை நம்பிப் பக்கத்து ஊரான மர்க்கிலில் பதினேழு ஹைட்ரேஞ்சியாக்களை வெட்டி எரித்துவிட்டார்கள். அதில் ஒன்று பள்ளிக்கூட வாசலில் நின்றதாம். நாங்கள் உடனே கூடி, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து அழகான கடிதம் ஒன்று எழுதினோம். உண்மையை மட்டும் எழுதவில்லை. முன்பின் அறியாதவர்களிடம் அது மரியாதையாக இருக்காது.