கதவுச் சித்தரும் பாவமில்லாத ஆடும்

2007ஆம் ஆண்டு இலங்கை மலையகத்து லுணுகலையில் கடவுள் ஒரு கதவுக்குள் குடியேறினார். அதுவரை எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வரிசையில் இடம்பிடிக்கும் அவசரம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றின் கதவு அது. அந்த ஸ்டோரை வாடகைக்கு எடுத்த கதவுச் சித்தர் உள்ளே ஒரு சிலையை வைத்து, வாசல் நிலையில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்தார். அவர் மணிக்கட்டில் கட்டிவிடும் தாயத்தை அந்தப் பொட்டில் வைக்க வேண்டும். பாவமில்லாதவருக்கு ‘டிக்’ என்று தாழ் விலகும். பாவிக்குக் கதவு அசையாது. பாவி ஒரு நகையைக் கழற்றிக் கொடுத்தால் வேறு தாயத்து கிடைக்கும், கதவும் திறக்கும். பாவம் தங்கத்தில்தான் கரையும் போலிருக்கிறது.

“ஒரு வயர் இருக்கா பாருங்க!” என்று சித்தர் சவால் விடுவார். ஜனங்கள் கதவைத் தடவிப் பார்ப்பார்கள். வயர் இல்லை. வயர் இல்லையென்றால் கடவுள்தானே! இப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேரின் சட்டைப்பையில் செல்போன் இருந்தது.

அகஸ்டினா கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள். றுஷாந்தனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுடைய அம்மா பிலோமினா ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவாள், வெள்ளி தவறாமல் கதவுக்குப் போவாள். மாதாவும் இருக்கட்டும், கதவும் இருக்கட்டும் என்பது அவள் கொள்கை. மருமகளாக வரப்போகிறவளையும் சோதிக்கக் கூட்டிவந்தாள்.

கதவு திறக்கவில்லை.

“பொண்ணுகிட்ட பெரிய பாவம் இருக்கு” என்று சித்தர் கண்களை மூடினார். அகஸ்டினா கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்க்க மட்டும் ஒரு கண்ணைத் திறந்தார். அது அவளுடைய இறந்துபோன அம்மாவின் சங்கிலி.

“அத கழட்டிக் குடு புள்ள” என்றாள் பிலோமினா. “இல்லேன்னா இந்தக் கல்யாணம் வேணாம்.”

அகஸ்டினா றுஷாந்தனைப் பார்த்தாள்.

“அம்மா சொன்னா…” என்று அவன் கூரையைப் பார்த்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். தன் தாயத்து மெலிசு. மாமியுடையது தடிப்பு.

“மாமி, அத கொஞ்சம் குடுங்க.” பிலோமினா யோசித்து முடிப்பதற்குள் அகஸ்டினா முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

வரிசையில் அழகையா தன் ஆட்டோடு நின்றிருந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்துக் கொடியில் காயும் துணியைத் தின்னும் பழக்கத்தை மாற்றக் கூட்டிவந்த ஆடு. அகஸ்டினா தாயத்தை அதன் கழுத்தில் கட்டி, கழுத்தைப் பொட்டில் அழுத்தினாள்.

டிக்.

ஆடு உள்ளே போனது. கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

“அது எப்புடிங்க பாவமில்லாம இருக்கும்?” என்றார் அழகையா. “எம் பொண்டாட்டி சேலைய தின்னுச்சே!”

“போன பொறவியில அது முனிவர்!” என்றார் சித்தர். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“சரிங்க சாமி” என்றாள் அகஸ்டினா. “நீங்க என் தாயத்த கட்டிக்கிட்டு கைய வைங்க.”

“வைங்க சாமி!” என்று கூட்டமும் சொன்னது. அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். சித்தருக்கு அதுதான் ஆபத்தாகிப்போனது. கையை வைத்தார். கதவு அசையவில்லை. மறு கைக்கு மாற்றிக் கட்டியும் வைத்துப் பார்த்தார். ம்ஹூம்.

உள்ளே ஏதோ உருண்டு உடைந்தது. ஆடு கத்தியது.

“ஐயோ, என் ஆடு! அலவாங்கு கொண்டாங்கடா, கதவ ஒடைப்போம்!” என்றார் அழகையா.

அந்தக் கடப்பாரையும் வந்தது. ஓங்கியும் விட்டார்கள்.

“ஒடைக்காதீங்க! அந்தப் பூட்டு என்ன வெல தெரியுமா?” என்று அலறிய சித்தர், இடுப்பிலிருந்து ஓர் அட்டையை உருவிப் பொட்டில் வைத்தார்.

டிக்.

மாலைகளை மென்றபடி ஆடு வெளியே வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள். அகஸ்டினா குங்குமத்தைச் சுரண்டினாள். அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. கதவின் உட்புறம், திரைத்துணிக்குப் பின்னால், பேட்டரி போட்ட பூட்டு. தடித்த தாயத்தைப் பிரித்தால் உள்ளே பொத்தான் போல ஒரு வில்லை; மெலிசில் அது இல்லை.

“பழைய கட்டடத்துக்குன்னே வந்த பூட்டுங்க” என்று சித்தர் முனகினார். “ரேடியோ அலையில வேல செய்யும். செவர ஒடைக்க வேணாம், வயர் இழுக்க வேணாம். கொழும்புல ஹோட்டல் ஹோட்டலா நான்தான் மாட்டுனேன்.”

நகைகளெல்லாம் அன்றே உரியவர்களிடம் திரும்பின. “எனக்கு அப்பவே சந்தேகந்தான்” என்றாள் பிலோமினா. றுஷாந்தன் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, “அப்ப கல்யாணத்த எப்ப வச்சிக்கலாம்?” என்றான்.

“ஒங்களுக்குன்னு ஒரு புத்தி வந்த பெறகு” என்றாள் அகஸ்டினா.

அடுத்த வெள்ளிக்கிழமை அழகையாவின் லயத்து வாசலில் மாலையும் தேங்காயுமாக ஒரு கூட்டம். முனிவரைக் கும்பிட வந்திருந்தது. முனிவர் கொடியில் காய்ந்த யாருடைய சாரத்தையோ தின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகும் வழியில் அகஸ்டினா நின்று பார்த்துவிட்டு, கூட்டத்திடம் சத்தமாகச் சொன்னாள்.

“கதவத் தொறக்கத்தான்யா அட்ட வேணும்! மண்டையத் தொறக்க ஒண்ணும் வேணாம். ஒரு தரம் தொறந்துதான் பாருங்களேன்!”