டத்தோவுக்குச் செய்தி வாசித்த டயர் அங்கிள்

மலேசியாவில், பத்து பாகாட் ஊரில், எங்கள் தெருவில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதற்கு ஒரே காரணம் டயர் அங்கிள்.

தெருமுனையில் டயர் கடை வைத்திருந்த சீனர் அவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கடைக்குப் பக்கத்தில், மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்பு வீடு. உள்ளே சொங்கோக் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக டத்தோ கோங் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்துக்கு அவர்தான் காவல் தெய்வம்.

தினமும் காலையில் அங்கிள் வெற்றிலையும் சுருட்டும் ஒரு கோப்பைக் காப்பியும் வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, தெருச் செய்திகளை வாசிப்பார். டத்தோ மலாய்க்காரர் என்பதால் மலாயில். வயதானவர் என்பதால் உரக்க.

"மூணாம் நம்பர் டீச்சருக்கு முட்டி வலி, பாத்துக்குங்க. அஞ்சாம் நம்பர்ல புருஷன் பொஞ்சாதி பேசிக்கிறதில்ல, நாலு நாளாச்சு."

நான் புதுக் கார் வாங்கிய மறுநாள் என் செய்தியும் வந்தது. "ஏழாம் நம்பர் வெள்ளைக் கார் வாங்கிருக்கான். ஓட்டத் தெரியல. பாத்துக்குங்க. அவன இல்ல, ரோட்டுல போறவங்கள."

துணி ஆலையில் நிர்வாக அதிகாரியான எனக்கு இது பெரிய அவமானம். நேரே போய், "அங்கிள், சாமிகிட்ட மனசுக்குள்ள பேசக்கூடாதா?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள பேசுனா அவருக்கு எப்படிலா கேக்கும்?"

அதிகாரி வீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் தெருமுனையில் காரைப் பின்னால் எடுத்தபோது ஏதோ நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால் டத்தோ வீட்டுக் கூரை இரண்டு துண்டாகக் கிடந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. பொறுப்புள்ள அதிகாரி என்ன செய்வாரோ அதையே செய்தேன். வேலைக்குப் போய்விட்டேன்.

மாலையில் அங்கிள் உடைந்த ஓட்டுத் துண்டுகளை மடியில் வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"யாரு தம்பி இடிச்சிருப்பா?"

"லோரியா இருக்கும் அங்கிள்."

மறுநாள் காலைச் செய்தி: "லோரிதான் இடிச்சிச்சாம் டத்தோ. ஏழாம் நம்பர் கார் பின்னால செவப்பு பெயிண்ட் ஒட்டிருக்கு. லோரிக்கு அது தம்பி முறையா இருக்கும்."

தெருவே ஜன்னலைத் திறந்தது. என் மனைவி வாசல் கதவைத் திறந்தாள். "போயி ஒத்துக்கிட்டு வாங்க."

போனேன். அங்கிள் கேட்ட முதல் கேள்வி, "பன்னி சாப்டியா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப கிட்ட வா. டத்தோ முஸ்லிம், அவருக்கு அது ஆகாது."

மண்டியிட்டேன். பதற்றத்தில் அலுவலக மலாய்தான் வாயில் வந்தது. 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக, தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பித்தேன்.

"அலமாக், வேலைக்கா எழுதிப் போடற? மன்னிச்சிருங்கன்னு சொல்லு, போதும்."

சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாம் போய்ப் புது ஓடு வாங்கி வந்தோம். என் காரில்தான். போக வர அங்கிள் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. அவர் ஓட்டைப் பிடித்துக்கொள்ள, நான் சிமெண்ட் பூசினேன். பாதி கூரையில், பாதி என் சட்டையில்.

ஞாயிறு காலை ஜன்னல் ஓரமாக ஒளிந்து நின்றேன். இன்று என் மானம் மொத்தமாகக் கப்பலேறும் என்று தெரியும். அங்கிள் காப்பியை வைத்தார். ஊதுவத்தியைக் கொளுத்தினார். வழக்கத்தைவிட உரக்கவே ஆரம்பித்தார்.

"டத்தோ, ஏழாம் நம்பர் நல்ல பையன். இடிச்ச அன்னிக்கே அவனா வந்து ஒத்துக்கிட்டான்."

எனக்காக இப்படி ஒரு பொய்யை என் வீட்டில்கூட இதுவரை யாரும் சொன்னதில்லை.