தரையில் இரண்டு கோடு போட்டவர்

பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பள்ளி இறுதி வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரெண்டுகோட்டாரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. புதுக்கோட்டைச் சீமையில் மனிதர்களைத் தரையில் பரப்பி வைத்து, யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் தற்காலிகமாக ஒரு கணக்கெடுப்பு ஆபீஸ் இருந்தது. வீடு வீடாகப் போய் நாற்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று அட்டையில் குறித்துக்கொண்டு வருவார்கள். ஓட்டு வீடா, சைக்கிள் உண்டா, கடிகாரம் உண்டா, கடிதம் வருமா, விருந்தாளி வந்து தங்குவதுண்டா என்று போகும் அந்தக் கேள்விகள். அட்டையில் பெயர் இருக்காது. வீட்டுக் கதவில் தாரால் எழுதிய எண் மட்டும் இருக்கும். உண்டு எத்தனை, இல்லை எத்தனை என்று கூட்டுவது என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் வேலை.

எங்களோடு வேலை பார்த்த ரெண்டுகோட்டார் மட்டும் கூட்டமாட்டார். ஹால் நடுவில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போடுவார். அட்டைகளைத் தரையில் பரப்புவார். ஒரே மாதிரி பதில் சொன்ன வீடுகள் பக்கத்தில் பக்கத்தில், மாறிச் சொன்னவை தள்ளித் தள்ளி. ஓர் அட்டையை நாலு விரற்கடை நகர்த்த அரை நாள் யோசிப்பார். அட்டை பறக்கும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட விடமாட்டார். குடுமியான்மலைக்காரர்கள் ஜன்னலோரம் படுத்திருப்பார்கள், அன்னவாசல்காரர்கள் பீரோவுக்கு அடியில் புகுந்திருப்பார்கள். காப்பி கொண்டு வரும் பியூன் மாயழகு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதுபோல் நடப்பான்.

“கேள்விதாங்க நாப்பது. உள்ள இருக்கிற சங்கதி ரெண்டே ரெண்டு” என்பார். நாற்பது பதில்களுக்கும் பின்னால் ஒளிந்து நின்று அவற்றை ஆட்டிவைப்பவை அந்த இரண்டும்தானாம். குறுக்குக் கோட்டுக்கு வசதி என்று பெயர் வைத்தார். நெடுக்குக் கோட்டுக்குப் பெயர் கிடைக்காமல் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ‘ஆள் புழக்கம்’ என்று வைத்துவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அட்டை இல்லாத நேரத்தில் எங்களைப் பிடித்துக்கொள்வார். குளித்துவிட்டுக் காப்பியா, காப்பி குடித்துவிட்டுக் குளியலா? பஸ்ஸில் ஜன்னலோரமா, வாசலோரமா? பதில்களை வைத்து ஆளுக்கொன்றாகப் புளியங்கொட்டைகளை மேஜையில் பரப்பினார். ஹெட்கிளார்க்கின் கொட்டையும் மாயழகுவின் கொட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஹெட்கிளார்க் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மாயழகு மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: “நானும் ஐயாவும் ஒரே எடம்ங்க.” அதற்குப் பிறகு ரெண்டுகோட்டாரோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. எங்கே கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயம். நான் எப்போதும் தனியாகச் சாப்பிடுகிறவன். ஆகவே ஹாலின் இரண்டு கோடியில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

நாற்பதைக் குறைத்து ஆறே கேள்வியில் அந்த இரண்டு சங்கதியையும் பிடித்துவிடலாம் என்று அவர் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டார். ஒப்புக்கொண்டால் அடுத்து அறந்தாங்கிப் பக்கம் ஆறு கேள்வியோடு கணக்கெடுப்பு, அதை நடத்த அவருக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஆபீசர் பார்க்க வந்தார்.

ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு சாக்பீஸ் கோட்டின் மேலேயே நடந்து பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. மூலையில், எல்லா அட்டைக்கும் வெகு தூரத்தில், ஒரே ஓர் அட்டை கிடந்தது. அது என்னவென்று கேட்டார். கணக்கெடுக்கப் போனவன் மரத்தடியில் உட்கார்ந்து தானாகவே நிரப்பியிருப்பான், எடுத்துவிடலாம் என்றார் ஹெட்கிளார்க்.

“எடுத்துருங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. நான் சிபாரிசு பண்றேன்” என்றார் ஆபீசர்.

ரெண்டுகோட்டார் குனிந்து அந்த அட்டையைப் பார்த்தார். “எடுக்க முடியாதுங்க. சோம்பேறிப்பய நெரப்பியிருந்தா எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருப்பான். இவருகிட்ட கடிகாரம் உண்டு, ரேடியோ உண்டு, பேப்பர் வாங்குறாரு. ஆனா கடுதாசி வராது, விருந்தாளி வராது, பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி காப்பித்தூள்கூடக் கேக்க மாட்டாரு. இது யோசிச்சுச் சொன்ன பதிலுங்க.”

“சரி, உங்க ஆறு கேள்வியில இந்த ஆள் எங்க வருவார்?”

ரெண்டுகோட்டார் அட்டையைக் கையில் எடுத்து அந்த ஆறு பதிலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

“கடைவீதி வியாபாரிங்க நடுவுல கொண்டுபோய் வச்சுரும்ங்க. கடுதாசி, விருந்தாளி பத்தி அந்த ஆறுல கேள்வி இல்லைங்க. ரேடியோ இருக்கில்ல. வீடு நெறைய ஆளு இருக்குன்னு நெனச்சுக்கும்.”

ஒரே ஓர் ஆளுக்காகவா, அப்படி ஒருவர் நிஜமாக இருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும் என்றார் ஆபீசர். ரெண்டுகோட்டார் எங்கள் பக்கம் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தார். அட்டையிலிருந்த எண் என் கதவில் இருக்கிற எண். வீட்டில் ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று ரேடியோ வாங்கியவன் நான். குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். நாற்பது கேள்வியே இருக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டு ஆபீசர் ரயிலுக்குப் போனார்.

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவர் தனியாக அட்டைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்த அட்டை என்னுதுங்க” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், அட்டையை ஒருமுறை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“நான் சரியாத்தான் வச்சிருக்கேன், இல்லைங்களா?”

“சரிதாங்க.”

“வீடு எங்கிட்டு?”

சொன்னேன். அட்டையின் பின்புறம் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குப் போனார்.