நாகமலையிலிருந்து ஒரு மண்ணீரல்

அன்றைக்கு எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். நாகமலை அடிவாரத்துக்குப் போய் ஒரு மண்ணீரலைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

மண்ணீரல் தனியாக வராது. அதன் சொந்தக்காரன், மலேரியாக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிப்போன சோணையையும் சேர்த்துத்தான்.

நான் அப்போது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ராக்காவல். ராத்திரி தூங்கக் கூடாது. பகலில் தூக்கம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே, டாக்டர்கள் படித்துப் போட்ட பழைய இங்கிலீஷ் பேப்பர்களை எழுத்துக்கூட்டி வாசித்து, யாருக்கும் தேவைப்படாத ஓர் இங்கிலீஷைச் சேர்த்து வைத்திருந்தேன். பெண்டாட்டிக்குப் புரியாது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வெள்ளைக்காரத் துரைக்கும் பாதிதான் புரியும்.

கிராமத்து டாக்டர்களுக்கு மேல்பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் நடத்திக்கொண்டிருந்தார்கள். பட்டிக்காட்டு டிஸ்பென்சரி டாக்டர்களை வரவழைத்து, பட்டிக்காட்டில் கண்ணாலும் காண முடியாத கருவிகளைக் காட்டி, பட்டிக்காட்டில் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று சொல்லிக் கொடுப்பார்கள். கடைசி நாள் பரீட்சை. துரை ஒரு நோயாளியைப் படுக்க வைப்பார். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தடவை வந்தவர்களில் ரங்கசாமி என்று ஒருவர். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து டாக்டர். போன தடவையே தேறாமல் போனவர். இந்தத் தடவையும் தேறாவிட்டால் டிஸ்பென்சரியை மூடிவிடுவோம் என்று ஜில்லா போர்டில் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, நாளைக்குக் கேஸ் கூட்டியாரது நீங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"நல்ல பெரிய மண்ணீரலாக் கொண்டாங்கண்ணே. கைய வச்சதும் அம்புடணும். போன தடவ வந்தது சுண்டைக்காய். தடவித் தடவி என் கைதான் தேஞ்சுச்சு!"

"கவலைப்படாதீங்க. கம்பவுண்டர் சொன்னாரு, இந்தச் சோணைக்குப் பூசணிக்கா அம்புட்டு இருக்காம்."

"பூசணிக்காயா!" மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் டிஸ்பென்சரி பொழச்சுரும்ணே."

ஒரு டிஸ்பென்சரியின் உயிரை என் தோளில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் காவல் முடிந்ததும் முகம் கழுவாமல் கிளம்பினேன். பஸ்ஸில் தூங்கி, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அடுத்த நிறுத்தத்தில் முழித்து, திரும்பி நடந்து, ஒருவழியாகச் சோணை வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு அம்மாள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சோணை வீடு இதானம்மா? காச்சலுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காக."

அவள் முறத்தைக் கீழே வைக்காமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏப்பா, ஆஸ்பத்திரில இருந்து ஆள் வந்திருக்கு. கெளம்பு!"

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். தலைப்பாகை. கையில் தக்கை போட்ட ஒரு காலிப் புட்டி.

"போலாமாண்ணே?" என்றான்.

உன் பேரென்ன என்று நான் கேட்டிருக்கலாம். எந்தக் கேள்வியையும் கேட்டிருக்கலாம். கண் எரிச்சலில் எதையும் கேட்கவில்லை. புட்டி, வழியில் தண்ணீர் குடிக்க என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தது கரி பஸ். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓட்டின காலம். சின்ன மேட்டைக் கண்டாலே அதற்கு மூச்சு வாங்கும். அன்றைக்கும் வாங்கியது.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்கய்யா!" என்றான் கண்டக்டர்.

எல்லாரும் இறங்கினோம். எல்லாரும் கையை வைத்தோம். தள்ளியது என் நோயாளி ஒருவன்தான். பஸ் மேடேறியது.

"யாருண்ணே இவரு? இவர் ஒருத்தர் இருந்தாப் போதும், கரியே வேணாம்!"

"காச்சக்காரருப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறாரு," என்றேன், பெருமையாக.

கண்டக்டர் அவனைப் பார்த்தான். அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தான்.

உட்கார்ந்ததும் விசாரித்தேன். "எம்புட்டு நாளாக் காச்ச?"

"ஆடியில புடிச்சதுண்ணே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. வந்தா பல்லு கிட்டிப் போகும். கம்பளி போத்தினாலும் கட்டிலோட ஆடும்."

"வயிறு?"

"இடது பக்கம் கல்லு மாரி நிக்குது."

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. ரங்கசாமி தேறிவிட்டார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் துரை அவசரத்தில் இருந்தார். அவனைப் படுக்க வைத்தார். அவன் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். கட்டில் ஆடுவதை மட்டும் கொஞ்சம் கூட்டி, வீடே ஆடுவதாகச் சொன்னேன். துரைக்குப் பரம திருப்தி. வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு நீலப் பென்சிலை எடுத்து, மண்ணீரல் எதுவரை வீங்கியிருக்கிறது என்று விலாவிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு போட்டார். அழகான கோடு. இலங்கைப் படம் மாதிரி இருந்தது.

"கூப்பிடு" என்றார்.

முதல் டாக்டர் வந்தார். நோவைக் கேட்டார், நீலக் கோட்டின் மேல் கையை வைத்தார். "வீங்கியிருக்கிறது, சார்."

அடுத்தவர், "மிகவும் வீங்கியிருக்கிறது" என்றார்.

மூன்றாமவர் துணிந்தவர். ஈரலும் சேர்ந்து வீங்கியிருப்பதாகக் கண்டுபிடித்தார். நான்காமவர் மண்ணீரலின் ஓரத்தில் ஒரு வெட்டு இருப்பது விரலில் படுகிறது என்றார். ஐந்தாமவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அமுக்கினார். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்துவிட்டான்.

துரை என்னைப் பார்த்தார்.

"வலி தாங்கவில்லையாம், சார்" என்று மொழிபெயர்த்தேன்.

கடைசியில் ரங்கசாமி. உள்ளே வரும்போதே என்னைப் பார்த்து நன்றியோடு ஒரு சிரிப்பு. கையை வைத்தார். சிரிப்பு போயிற்று.

"மூச்ச இழுங்க... விடுங்க."

ஒன்றும் இல்லை.

"ஒருக்களிச்சுப் படுங்க."

அப்போதும் இல்லை. கோடு இருந்தது, கோட்டுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து பேரும் சுவரோரம் நின்று பரிதாபமாகப் பார்த்தார்கள். துரை கடிகாரத்தை எடுத்தார். ரங்கசாமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். 'பூசணிக்காய் எங்கேடா?' என்று கேட்டது அந்தப் பார்வை.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்தக் காலிப் புட்டி பட்டது. கட்டிலுக்கு அடியில் நின்றது. அதைப் பார்த்ததும் மனுஷன் பரீட்சையை மறந்து, தன் டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருப்பதைப் போல, தினம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மருந்து யாருக்குப்பா?"

"எங்க அண்ணன் சோணைக்குங்கய்யா. நான் வெள்ளையன்."

"அவரு எங்க?"

"கமலை ஓட்டுறாருங்க. இன்னைக்குக் காச்ச இல்லாத நாளு. காச்ச நாள்ல நான் ஓட்டுவேன். ரெண்டு பேரும் இங்க வந்துட்டா, தண்ணி யாரு எறைக்கிறது?"

"அடப்பாவி! அஞ்சு பேரு வயித்தப் போட்டு இந்த அமுக்கு அமுக்கினாங்களே, சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலைங்களே. பெரியாஸ்பத்திரில மருந்து குடுக்குற முறை இதாக்கும்னு இருந்தேன்."

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை, என்னைப் பார்த்து.

அத்தனை வருஷம் சேர்த்த இங்கிலீஷ் அந்த நிமிஷத்தில் ஒரு சொல் மிச்சமில்லாமல் ஓடிவிட்டது.

ரங்கசாமியின் கை மறுபடி நீலக் கோட்டுக்குப் போனது. அதில் கையை வைத்து 'வீங்கியிருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிஸ்பென்சரி தப்பிக்கும். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் உள்ளுக்குள்ளே, 'சொல்லிருங்கய்யா, சொல்லிருங்கய்யா' என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துவிட்டார்.

"சார், இவருக்கு ஒரு நோயும் இல்லை. நோய் இவருடைய அண்ணனுக்கு. இவர் மருந்து வாங்க வந்திருக்கிறார்."

துரை கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். காது சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. என் வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

துரை இருமினார். பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சபாஷ்! இந்தக் கோட்டை நான் எதற்குப் போட்டேன் என்று நினைத்தீர்கள்? எத்தனை பேர் ஏமாறுகிறீர்கள் என்று பார்க்கத்தான்!"

நான் மூச்சு விட்டேன். சுவரோரம் நின்ற ஐந்து பேரும் விடவில்லை. அவர்களுக்குப் பயிற்சியை நீட்டி உத்தரவாயிற்று.

தேறிய ரங்கசாமி அன்றைக்கே மலேரியாவுக்கான கொய்னா மருந்தைப் புட்டி நிறைய ஊற்றிக்கொண்டு வெள்ளையனோடு கிளம்பினார்.

"நானே போய் அண்ணங்காரனப் பாத்துட்டு வாரேன்."

"கரி பஸ்ஸுங்கய்யா, நடுவழியில நிக்கும்."

"தள்ளத்தான் ஆள் இருக்கே!"

மறுநாள் வந்தவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "கைய வச்சதும் அம்புட்டுச்சுண்ணே! பூசணிக்காயேதான்!" என்றார். சொன்ன பிறகுதான் அது சந்தோஷப்பட வேண்டிய சங்கதியில்லை என்று நினைவு வந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

துரைக்குத் தன் தந்திரம் தனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த பயிற்சி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "போன தடவை போலவே, நோய் நொடி இல்லாத ஆளாக ஒருத்தனைக் கூட்டி வா."

இதென்ன பிரமாதம் என்று நேரே வெள்ளையன் வீட்டுக்குப் போனேன். கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பளிக்குள்ளே வெள்ளையன். சோணை புட்டியோடு வெளியே வந்து, "போலாமாண்ணே?" என்றான்.

விளாங்குடியிலிருந்து நாகமலை வரை அலைந்துவிட்டேன். மண்ணீரல் என்றால் எத்தனை வேண்டுமானாலும் கொண்டு வந்து இறக்குவேன். நோய் நொடி இல்லாத அந்த இன்னொரு கேஸ்தான் இன்னும் அகப்படவில்லை.