மொறிஸ் மைனருக்குக் காய்ச்சல்

காரைதீவைத் தாண்டும்போதே அப்துல் கபூருக்கு வியர்த்து ஊற்றியது. காரின் முகப்பில், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே கிடந்த சின்ன முள் வலப்பக்க அந்தத்துக்கு ஏறி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"மச்சான், இந்த முள்ளை ஒருக்காப் பாரு."

பக்கத்துச் சீட்டில் இருந்த சாலிஹ் கழுத்தை நீட்டினான். கபூரின் மனைவி றுகையாவுக்குத் தம்பி. எப்போதோ இரண்டு மாதம் ட்ரெக்டர் பெட்டியில் தொங்கிக்கொண்டு திரிந்தவன். அந்தத் தகுதியில், உலகத்து எஞ்சினெல்லாம் தன் கையால் கழற்றிப் பூட்டியவை என்று நினைப்பு.

"சூடு மச்சான். கடும் சூடு. இப்பிடியே ஓடினா எஞ்சின் இறுகிப் போகும்."

கபூர் காரை மெதுவாக்கினார். வேறொரு நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்றைக்குப் போவது மூத்த மகள் நதீராவுக்கு மாப்பிள்ளை கேட்டு. பையன் அட்டாளைச்சேனையில் வாத்தியார். கல்யாணம் பேசும் சபியா உம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "பகல் சாப்பாட்டுக்கு முந்திப் போய்ச் சேருங்க. நாளைக்குச் சாய்ந்தமருது ஆக்கள் வாறாங்க. அவங்க வந்தா உங்கட கதை முடிஞ்சிது." அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் கபூர் கண்டதில்லை. றுகையாதான் யாரோ வீட்டு வலீமா விருந்தில் அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தவள்.

கார் வாங்கி ஒரு மாதம். விற்ற தம்பிமுத்தர் ஒரே ஒரு புத்திதான் சொன்னார்: "பழைய மொறிஸ் மைனர். சூடு ஏறவும் விடாதீங்க, ஒரேயடியாக் குளிரவும் விடாதீங்க. நடுவாலதான் ஓடோணும்." அன்றிலிருந்து கபூர் ரோட்டைப் பார்த்ததை விட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். வட்டத்தின் எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. முள் மட்டும் ஒரு மாதமாகக் கீழேயே சாதுவாகக் கிடந்தது. "ஐஸ் மாதிரிக் கார்" என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். இன்றைக்கென்று பார்த்து அதற்குக் காய்ச்சல்.

பின் சீட்டிலிருந்து றுகையா, மடியில் தொதல் இனிப்புத் தட்டுடன், மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சருங்க, விடிய வெளிக்கிடக்குள்ள முள்ளு கீழதானே கிடந்த? செட்டுல பெற்றோல் அடிச்ச பிறகுதானே..."

"நீ சும்மா இரி புள்ள. எஞ்சின் கதைக்குள்ள பொம்புளை வரப்படாது."

அவள் தட்டின் மேல் துணியைச் சரி செய்தாள். கபூர் இதுவரை போத்தல் கணக்கில்தான் பெற்றோல் ஊற்றியவர். கைநெகிழ்ச்சி என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. நாளைக்கு விலை கூடப்போகுது என்று கதை அடிபட்டதால், இன்று காலை கல்முனையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தாங்கி நிறைய அடித்திருந்தார்.

ஒரு கிணற்றடியில் நிறுத்தினார்கள். சாலிஹ் பொனட்டைத் தூக்கி, தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் துணியால் பிடித்துத் திறக்கப் போனான்.

"கவனம் மச்சான்" என்று கபூர் குனிந்தார்.

மூடி எகிறியது. துருக் கறள் பிடித்த சுடுதண்ணீர் சீறிப் பாய்ந்து, கபூரின் புது வெள்ளைச் சேட்டில் நெஞ்சிலிருந்து வயிறு வரை தேத்தண்ணி நிறத்தில் ஒரு இலங்கைப் படம் வரைந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்ன சூடு" என்றான் சாலிஹ், பெருமையாக.

தண்ணீரை நிரப்பிப் புறப்பட்டார்கள். முள் ஆடவில்லை, அசையவில்லை.

"உள்ளால ஊத்திச் சரிவராது. வெளியால குளிர வைக்கோணும்." சாலிஹ் எங்கேயோ ஒரு சாக்கைப் பிடித்து நனைத்து, காரின் மூஞ்சிக்கு முன்னால் இறுக்கிக் கட்டினான். அதுவரை தன்பாட்டில் காற்று வாங்கிக்கொண்டு ஓடிய கார் பாவம், மூச்சு முட்டி நிந்தவூரில் ஆவி விடத் தொடங்கியது.

அங்கே ரோட்டோரத்தில் இன்னொரு கார் நின்றது. தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் வெயிலில் நின்று கையைக் காட்டினார். கூடவே அவருடைய ட்ரைவர் செல்லத்தம்பி, கையில் ரப்பர் குழாயும் வெறும் கலனும்.

"தம்பி, பெற்றோல் முடிஞ்சிட்டு. இஞ்ச செட்டுலயும் இல்லையாம். அவசரமா வீட்ட போகோணும்."

கபூர் வாய் திறக்குமுன் றுகையாவின் குரல் வந்தது. காரைதீவுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"இஞ்சருங்க, எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா அடுப்புல விறகு கூடினா சூடு கூடுந்தானே. பெற்றோலும் எரியிற சாமான்தானே."

சாலிஹ் துடையில் அடித்தான். "அதைத்தான் நானும் இப்ப சொல்ல வந்தன். லாத்தா, சரியான கதை."

ஒரு கலன் உறிஞ்சினார்கள். கபூர் சாவியைத் திருப்பினார். அல்லாவே, முள் இறங்கியது.

"எடுங்க" என்றார் கபூர்.

இன்னும் உறிஞ்ச, முள் நடுவுக்கு வந்தது. தம்பிமுத்தர் சொன்ன அதே நடு. கபூருக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது.

"இன்னும் கொஞ்சம் குறைஞ்சா இன்னும் நல்லம்" என்றான் சாலிஹ்.

"போதும் தம்பி, உங்களுக்கும் வேணுமே" என்று பெரியவர் தடுத்தார்.

"பரவாயில்ல, எடுங்க. கூச்சப்படாதீங்க."

"உங்கட பேர் என்ன தம்பி?"

கபூரின் காதில் அது விழவில்லை. முள் கீழே படுப்பதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் காசை நீட்ட, முள்ளிலிருந்து கண்ணெடுக்காமலே கையால் தள்ளிவிட்டார். பெரியவரின் கார் முந்திக்கொண்டு புறப்பட்டது.

பாலமுனையில் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்திட்டு மச்சான்" என்றான் சாலிஹ். "சூடு காட்டோணும்."

பொனட்டின் மேலும் ஒரு சாக்கைப் போர்த்தி, அதற்கு மேல் றுகையா கொண்டுவந்த சால்வையையும் போர்த்திவிட்டு, இரண்டு பேரும் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் போலக் குந்தியிருந்தார்கள். பகல் லுஹர் தொழுகை முடிந்து சனம் கலைந்தது. கபூருக்கு மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தார். உண்மையாகவே அழுகை வந்தது.

அப்போதுதான் அந்தக் கார் எதிரே வந்து நின்றது. பெரியவர் இறங்கினார்.

"கல்முனையால வரவேண்டிய விருந்தாளிகளை இன்னும் காணல்ல. தேடிப் பாக்க வந்தன். நீங்க...?"

சாலிஹ் சொன்னான். பெரியவர் கபூரின் கறள் பிடித்த நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிப்பிடித்தார். அவர்தான் மாப்பிள்ளையின் வாப்பா, உதுமாலெவ்வை ஹாஜியார்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் காத்திருந்த சபியா உம்மா உட்பட எல்லாருக்கும் கேட்கும்படி ஹாஜியார் உரக்கச் சொன்னார்: "தன்ட தாங்கியக் காலியாக்கி, பேர் தெரியாத ஒருத்தனுக்குக் குடுத்திட்டு, நடு ரோட்டுல நிண்ட மனிசன். இதுக்கு மேல என்னத்த விசாரிக்கக் கிடக்கு? சபியா உம்மா, சாய்ந்தமருது ஆக்கள நாளைக்கு அலையவேணாம் எண்டு சொல்லிடு."

பின்னேரம் செல்லத்தம்பி காருக்குப் பெற்றோல் ஊற்றினான். முள் ஏறியது. கபூர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"ஊத்தாத தம்பி. சூடு ஏறுது."

செல்லத்தம்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "முதலாளி, இந்தக் காருக்குச் சூடு பாக்கிற முள்ளே இல்ல. இது பெற்றோல் முள்ளு. அந்தச் சாக்கக் கழட்டுங்க, காருக்கு ஒரு நோவும் இல்ல."

திரும்பி வரும்போது ஒலுவிலைத் தாண்டினார்கள். சாலிஹ் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கபூர்தான் பேச்சை எடுத்தார்.

"எல்லாம் அல்லாட காவல், புள்ள. நமக்கு மூண்டு பேருக்கும் அந்த முள்ளு என்னெண்டு தெரியாமப் போனதும் நல்லதுக்குத்தான்."

றுகையா மீதித் தொதலைத் துணியால் மூடி முடிச்சுப் போட்டாள்.

"முள்ளு என்னெண்டு எனக்குக் கல்முனையிலேயே தெரியும்; அந்த மனிசன் ஆரெண்டுதான் நிந்தவூருல கண்ட பிறகு தெரிஞ்சிது."